மேக்கே பார்த்து நின்ன பேராண்டி

வாய்யா, உக்காரு. அந்தப் பையை மொதல்ல எறக்கு. பொதிமாடு கூட இம்புட்டுச் சொமக்காது. என்னது உள்ள? கூடாரமா? நாம போகப்போறது கண்மாய்க்கரைக்குய்யா, காசிக்கு இல்ல.

போன மாசியில இப்பிடித்தான் என் பேரன் ஒருத்தன் சென்னையிலருந்து வந்தான். பொறந்தது சிவகாசி, படிச்சது அங்கிட்டு. "தாத்தா, நேச்சரைப் பார்க்கணும்"ன்னான். பார்த்தாப் போச்சு. அது எங்க ஓடிறப் போவுது? சாமத்துல எழுப்பி, கார்ல ஏத்தி, வத்திராயிருப்பு தாண்டி பிளவக்கல் அணைக்குக் கொண்டு போனான். சூரியன் உதிக்கிறதைப் படம் பிடிக்கணுமாம். அணைக்கரையில மூணு காலு வச்ச கேமராவை நட்டான். எதைப் பார்த்து? மலையைப் பார்த்து.

"எய்யா, நம்ம சீமையில மலை மேக்க இருக்கு. சூரியன் என்னைக்குய்யா மேக்க உதிச்சிருக்கு?"ன்னேன்.

"மேப்புல வியூ பாயிண்ட்னு இங்கதான் போட்டிருக்கு தாத்தா"ங்கறான்.

மேப்பே சொன்ன பெறகு சூரியன் கேக்காம இருக்குமா? நான் வாயை மூடிக்கிட்டேன். மிச்சத்தைக் கடைசியில சொல்லுதேன்.

நீ இப்ப ஊர் சுத்தக் கிளம்புற. என்னத்தை விசாரிச்ச? பார்க்கிங் இருக்கா, டவர் கிடைக்குமா, பிரியாணி எங்க நல்லாருக்கும். இது என்ன மாசம்னு யோசிச்சியா? மாசம் தெரியாமப் போறவன், கல்யாணம் முடிஞ்ச மறுநா மொய்க்கவரோட மண்டபத்துக்குப் போனவன் மாதிரிதான்.

சித்திரையில ஒரு கூட்டம் ராசபாளையத்துக்கு மேக்க அய்யனார் அருவிக்குப் போவும். அங்க பாறை கெடக்கும், அதுல கடலை வறுக்கலாம். "ஏமாத்திட்டாங்க"ன்னு பொலம்பிக்கிட்டே வரும். யாருய்யா ஏமாத்துனது? அங்க கோயில்ல இருக்கிறவரு பேரே நீர் காத்த அய்யனாரு. காக்கிறதுக்கு நீரு வந்தாத்தானே அவரும் காப்பாரு?

சித்திரை வைகாசிக்கு வேற வேலை இருக்கு. வெயில் ஏறுமுன்ன பனங்காட்டுப் பக்கம் போ. நுங்கு வெட்டுறவன் கிட்ட நில்லு. அவன் சீவிக் குடுத்ததும் ஸ்பூன் தேடாத. கட்டைவிரலை உள்ள விட்டு நோண்டி, அப்பிடியே வாயை வச்சு உறிஞ்சு. மணிக்கட்டு வழியா ஒழுகி முழங்கை வரைக்கும் வரும், சட்டை நனையும். சாத்தூர்ப் பக்கம் போனா பிஞ்சு வெள்ளரிக்காய் நாலு வாங்கு. ஒம்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து திண்ணையில படு. அதுக்குப் பெறகு வெளிய சுத்துறவனை நாயும் பார்த்துக் குரைக்காது. அதுவும் நெழல்ல படுத்திருக்கும்.

ஆனி ஆடி வந்துட்டாப் போதும், ஊரே குற்றாலத்துக்கு ஓடும். தென்மேற்குப் பருவ மழையை மலை அந்தப் பக்கமே மறிச்சு வாங்கிக்கிடும். நமக்கு வர்றது வெறும் மேகாத்தும் கண்ணு நெறையப் புழுதியுந்தான். இந்த மழையில்லாத காய்ச்சலை நம்பித்தானே இங்க சிவகாசியில தொழிலே வந்துச்சு? 1920-கள்ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யப் பழகிட்டு வந்தாக. குச்சி காயணும், மருந்து காயணும். நம்ம வெயிலு காய வச்சுக் குடுத்துச்சு. பட்டாசு பின்னாலயே வந்துச்சு. மழை பெய்யாததை வச்சுக் கஞ்சி குடிக்கிற ஊரு, மழையில நனையணும்னு குற்றாலத்துல வரிசை கட்டி நிக்குது. சிரிக்கிறதா அழுவுறதா?

போகாதன்னு சொல்லல. போ. ஆனா ஒரு நா சாயங்காலம் வத்திராயிருப்புப் பக்கம் வயக்காட்டு வரப்புல நின்னு மலையைப் பாரு. அந்தப் பக்கத்து மேகம் உச்சியில ஏறி எட்டிப் பார்க்கும். பால் பொங்கி வழியிற மாதிரி இங்கிட்டு வழியும். பாதி மலை எறங்குமுன்ன காணாமப் போயிரும். நமக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது, வேடிக்கை மட்டும் இலவசம்.

ஐப்பசி கார்த்திகைதான் நமக்கு மழை. தீபாவளி முடிஞ்சு பட்டாசு ஆலை பூட்டிக் கெடக்கும், சனத்துக்கும் கால் ஆறும். அருவியில தண்ணி விழும். இப்பப் போகலாம். ஆனா இந்தக் கெழவன் சொல்லுறதை முடிஞ்சு வச்சுக்க. காட்டாத்துக்கு நீ நிக்கிற எடத்து வானம் கணக்கில்ல, மலை உச்சி வானந்தான் கணக்கு. கீழ சுள்ளுன்னு வெயிலடிக்கும், மேல கொட்டிக்கிட்டு இருக்கும். தெளிஞ்ச தண்ணி கலங்குதா, சருகும் சுள்ளியும் மெதந்து வருதா, எரைச்சல் கூடுதா, பேசிக்கிட்டு நிக்காத, கரையேறு. செல்ஃபி எடுக்க இன்னொரு நா வரும். 2015-ல மே மாசம், நல்ல கோடை, சதுரகிரி மலையில திடீர்னு வெள்ளம் வந்து சாமி கும்பிடப் போன சனம் செத்துப் போச்சு. இதுல மட்டும் எனக்கு வெளையாட்டு கிடையாது.

மழை விட்டதும் இன்னொரு கூத்து இருக்கு. வெள்ளை வெளேர்னு ஷூ போட்டுக்கிட்டு எங்க கரிசக்காட்டுல எறங்குவான். மொத எட்டுல மண்ணு அப்பும். ரெண்டாவது எட்டுல அதுமேல இன்னொரு அப்பு. பத்து எட்டு வச்சா அரையடி ஒசந்துருவான். பதினொண்ணாவது எட்டுல காலு வரும், ஷூ வராது. கரிசல் அதைச் சீதனமா எடுத்துக்கிடும். வெறுங்கால்ல போனவன் வாய்க்கால்ல கழுவிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்.

மார்கழி தையில குல்லூர்சந்தை அணைக்குப் போ. தண்ணியில பறவை எறங்கியிருக்கும். ஆனா அந்தப் பாட்டுப் பொட்டியை வீட்டுல வச்சுட்டுப் போ. அமைதியைத் தேடி வந்தேம்பான், வந்த ஒடனே அதை வெரட்டுறதுக்கு ஒரு ஸ்பீக்கரைத் தொறப்பான். சிவகங்கைச் சீமையில வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவை பயந்துரும்னு கொள்ளுக்குடிப்பட்டிக்காரக தீபாவளிக்கே வெடி போடுறதில்ல. வெடி வித்துப் பொழைக்கிற ஊர்க்காரன் நானே அவுகளைக் கும்பிடுதேன். உன்னால ஒரு பாட்டை நிறுத்த முடியாதா?

சில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கும் போகணும்னா, வனத்துறையில கேட்டுட்டுப் போ. சாம்பல் நிற அணிலுக்குன்னு 1988-ல சரணாலயமாக்குனாக. 2021-ல மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிட்டாக. நாட்டுல 51-வதாம், 1,016 சதுர கிலோமீட்டராம். "அம்புட்டுப் பெரிய காட்டுல ஒரு அணில் கூடக் காணோம்"ன்னு ஒருத்தன் எங்கிட்ட நியாயம் கேட்டான். நீ வாரேன்னு அதுக்கு யாரு தாக்கல் சொன்னா?

அது பூனைத் தண்டி இருக்கும், வாலு ஒடம்பு நீளத்துக்குத் தொங்கும். தரைக்கு லேசுல எறங்காது. கொப்போட கொப்பு தொட்டாத்தான் அதுக்குப் பாதை. அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிப் போனவுக நெறையப் பேரு. நீ மொதல்ல கீழ பாரு. கடிச்சுப் போட்ட காயும் கொட்டைத் தோலும் புதுசா, ஈரமாக் கெடந்தா அங்கனயே நில்லு, மூச்சு விடாத. கொஞ்ச நேரத்துல மேலருந்து இன்னொண்ணு விழும். இப்ப அண்ணாந்து பாரு. அதுக்கு முன்னாலயே அது உன்னையப் பார்த்துக்கிட்டிருக்கும்.

சரி, நம்ம பேராண்டி கதைக்கு வருவம்.

அணைக்கரையில மலையைப் பார்த்து நின்னானா? கெழக்க வெளுத்துச்சு. நானும் கெழக்க திரும்பி நின்னேன், எழுபது வருசமா நிக்கிற மாதிரி. என்னமோ தோணிச்சு, இந்தக் கிறுக்கன் என்ன செய்யுதான்னு திரும்பிப் பார்த்தேன். எய்யா, மலை உச்சியில மட்டும் குங்குமம் அப்புன மாதிரி ஒரு கோடு. அந்தச் செவப்பு மெல்ல மெல்லக் கீழ எறங்குது. எறங்க எறங்க மஞ்சளாவுது. மடிப்பு மடிப்பா இருந்த இருட்டுக்குள்ள மரம் ஒண்ணொண்ணா முழிக்குது. கடைசியில அணைத் தண்ணிக்குள்ள இன்னொரு மலை தலைகீழா நிக்குது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னாத்தான் இது தெரியும்னு இம்புட்டு வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே. மேப்புக்காரன் கெட்டிக்காரந்தான்.

"ஏலே, பார்த்தியாடா!"ன்னு தோளைத் தட்டுனேன்.

பய தலையைக் குனிஞ்சு போனை நோண்டிக்கிட்டிருக்கான். "இருங்க தாத்தா, சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்."