கூடக் கோணல் கோட்பாடு: புதிய ஏர் பிஸ்டலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்தை யாராவது நூல் பிடித்து அளந்தார்களா என்பதற்குப் பழமொழியில் சான்று இல்லை. உண்மையிலேயே கோணலாக இருந்திருக்கலாம். ஆடியவள் தரப்பைக் கேட்காமலே தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்பு எழுதிவந்திருக்கிறோம். இந்த வழக்கை மறுவிசாரணைக்கு எடுக்க வேண்டுமானால், கூடத்தைத் திருகாணி திருகாணியாக நிமிர்த்திக்கொண்டே ஆடிப்பார்க்கும் வசதியுள்ள ஒரு துறை தேவை. அப்படிப்பட்ட துறை 10 மீட்டர் ஏர் பிஸ்டல் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

கருதுகோள் இது: கோணலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஓரிடத்திலிருந்து நெட்டித் தள்ளினால் இன்னோரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆய்வெல்லை, இவ்வாய்வாளரின் வலது கை. ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும் என்பது விதியாதலால், இடது கை பேன்ட் பைக்குள் இருந்தபடி ஆய்வுக்கு ஒத்துழைத்தது.

கிளப்பின் பொதுத் துப்பாக்கியில் சுட்ட நாட்களைக் கோணலின் பொற்காலம் எனலாம். கிரிப் வேறு யாரோ பெரிய கைக்காரருக்குச் செதுக்கியது. குறி பார்க்கும் ரியர் சைட்டை முந்தைய பேட்ச் பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்குத் திருகிவிட்டுப் போயிருப்பார்கள். பெல்லட் எங்கே போனாலும் அதற்கொரு பொறுப்பாளி இருந்தார், அவர் நாமல்ல. லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டிச் சொந்தத் துப்பாக்கி வாங்கியவுடன் பறிபோன முதல் சொத்து இதுதான்.

ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஜெர்மனியின் வால்தரும் ஃபைன்வெர்க்பாவும், சுவிட்சர்லாந்தின் மொரினி, இத்தாலியின் பர்தினி ஆகியோர் இத்துறையின் பெருந்தச்சர்கள். எவர் பெட்டியைத் திறந்தாலும், சுடுபவனுக்கு ஒரு சாக்கும் மிச்சம் வைக்கக் கூடாது என்று சபதம் போட்டுச் செய்த பொருள்தான் உள்ளே இருக்கும். கிரிப்பைப் பாருங்கள். வால்நட் மரம், மேலே பலாத்தோல் மாதிரி பொடிப்பொடியாய்ச் சொரசொரப்பு. வியர்த்துக் கை வழுக்கியது என்று இனிமேல் சொல்ல முடியாது. உள்ளங்கைக்குக் கீழே ஒரு மரத்தட்டு. திருகாணியைத் தளர்த்தினால் ஏறும், இறங்கும். அப்படியும் பொருந்தாவிட்டால் அரத்தால் ராவலாம், மரப் புட்டி வைத்து மேடாக்கலாம். ஒரே இடத்தில் இரண்டையும் மாறி மாறிச் செய்வது தொடக்கக்காரர் மரபு.

துப்பாக்கி உதைத்தது என்றும் சொல்ல முடியாது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று. கார் டயரில் இருப்பது ஏறத்தாழ 2 பார்தான். அவ்வளவு காற்றில் சிறு பங்கு, 4.5 மில்லிமீட்டர் விட்டமும் அரை கிராம் எடையும் உள்ள ஒரு ஈயத் துண்டை நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் அனுப்பிவைக்கிறது. உதைப்பு இருக்கும் இடம் தெரியாது. அந்தச் சொற்ப அசைவையும் ஈடுகட்ட உள்ளுக்குள் நகரும் எடை வைத்த மாடல்களும் உண்டு.

டிரிகர்தான் தொடக்கக்காரரின் கடைசிக் கோட்டை. முதல் கட்டத்தில் விரல் சும்மா நடந்துபோய் ஒரு தடையில் முட்டி நிற்கும். அங்கிருந்து அழுத்தம் ஏற ஏற, எப்போது என்று தெரியாமல் சுட வேண்டும். 'நான் அழுத்தவே இல்லை, அதுவே போயிடுச்சு' என்னும் வாக்கியம் எல்லா ரேஞ்சுகளிலும் வழங்கிவரும் வாய்மொழி இலக்கியம். ஆனால் டிரிகரின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சர்வதேச விதி. போட்டிக்கு முன் டிரிகரில் அரைக் கிலோ எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த எடைக்கே அசையாமல் நின்ற டிரிகர், இவ்வாய்வாளரின் விரல் பட்டதும் தானாகச் சுட்டது என்பதை நிறுவப் போதிய தரவு கிடைக்கவில்லை.

சைட்டுகளின் கணக்கு இன்னும் கொடியது. ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர். கையும் துப்பாக்கியும் சேர்ந்து 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கு அட்டையிலும் 1 மில்லிமீட்டர்தான் பிசகும். மணிக்கட்டு லேசாக மடங்கி, ஃப்ரண்ட் சைட் ரியர் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் ஒதுங்கிவிட்டாலோ, அட்டையில் அது 31 மில்லிமீட்டர். 10-ஆம் வளையத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர், அதற்கப்பால் வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர். ஆக, அந்த ஒற்றை மில்லிமீட்டரில் 10 என்பது 7 ஆகிவிடும். அதனால்தான் அட்டையைப் பார்க்காதே, ஃப்ரண்ட் சைட்டைப் பார், அட்டை மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று கோச்சுகள் தொண்டை வறளக் கத்துகிறார்கள். மரத்தில் பறவையின் கண் மட்டுமே தெரிகிறது என்று சொன்ன அர்ஜுனன், ஏர் பிஸ்டல் வகுப்பில் செம்மையாகத் திட்டு வாங்கியிருப்பான்.

துப்பாக்கிக்குள் தங்க இடமில்லாமல் போனதும், கருதுகோளின்படியே, கோணல் வெளியே கிளம்பியது. ரேஞ்சின் டியூப்லைட்டில் கொஞ்ச நாள் தங்கியது. மின்விசிறிக்கு மாறியது. பெல்லட் அட்டையைச் சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குகூட முழுசாக ஆகாது. அதற்குள் மின்விசிறி அதை என்ன செய்துவிட முடியும் என்று கோச் கேட்டதால், அங்கிருந்து கிளம்பி மூக்குக் கண்ணாடியில் குடியேறியது. பிறகு வயதில்.

இந்த இடத்தில் ஆய்வுக்கு ஒவ்வாத சில தரவுகளையும் நேர்மை கருதிக் குறிப்பிட வேண்டியுள்ளது. துருக்கியின் யூசுஃப் டிகெச் 51 வயதில், சாதாரணக் கண்ணாடியோடு, இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கினார். ஹங்கேரியின் கரோலி தகாச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலது கையை இழக்க நேர்ந்தபின் இடது கையால் பழகி, 1948-இலும் 1952-இலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார். இந்தியாவின் மனு பாக்கர் விவகாரம் இவற்றைவிடச் சங்கடமானது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில், பாதியில் அவர் துப்பாக்கி நிஜமாகவே பழுதாயிற்று. கூடம் கோணல் என்பது ஊரறிய மெய்ப்பட்ட அரிய நேர்வு! அப்பேர்ப்பட்ட சாக்கை ஆயுளுக்கும் வைத்துக் காலம் தள்ளாமல், 2024-இல் அதே பிரிவில் வெண்கலம் வாங்கி அதை வீணடித்துவிட்டார். இம்மூவரையும் விதிவிலக்கு எனக் கொண்டு மேலே செல்வதே ஆய்வு நெறி.

கோணலின் நிரந்தர முகவரி தற்செயலாகத்தான் கிடைத்தது. 'சார், அட்டையத் திருப்பி மாட்டுங்க' என்றார் கோச். பின்பக்கம் வெறும் வெள்ளை. வட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. பார்ப்பதற்கு ஃப்ரண்ட் சைட்டைத் தவிர வேறு எதுவுமில்லை. சுட்டு முடித்து அட்டையை இழுத்துப் பார்த்தால், அதுவரை நாலு திசையிலும் திரிந்த பெல்லட்டுகள் உள்ளங்கையால் மூடிவிடும் அளவுக்கு ஒன்றுகூடியிருந்தன. துப்பாக்கி அதேதான், கை அதேதான், மின்விசிறியும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இல்லாமல் போனது 59.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் கருப்பு வட்டம் ஒன்றே. எனவே கோணல் முழுவதும் அவ்வட்டத்திலேயே உறைகிறது என்பது ஐயத்துக்கிடமின்றித் துணியப்படும். அதை எல்லா அட்டைகளிலிருந்தும் நீக்கக் கோரி மியூனிக்கில் உள்ள சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்துக்கு மனு ஒன்று தயாராகிவிட்டது. நெறியாளர் என்ற முறையில் கோச் கையெழுத்திட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது; கேட்டால், அடுத்த அட்டையை நேராக மாட்டச் சொல்கிறார்.