ஆயிடுச்சும் பண்ணிட்டேனும்: ஆங்கிலச் சொற்களின் தமிழக வாழ்வு குறித்து ஓர் ஆராய்ச்சி

சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார் தொல்காப்பியர். அவர் காலத்தில் ‘டென்ஷன்’ இல்லை. இருந்திருந்தால் சொல்லதிகாரத்தில் இன்னும் ஓர் இயல் கூடியிருக்கும். “ஒரே டென்ஷன்” என்றால் அது பெயர். “டென்ஷன் பண்ணாதே” என்றால் வினை. “அவர் டென்ஷன் பார்ட்டி” என்றால் அடை. “டென்ஷனா இருக்கு” என்றால் என்னவென்று சொல்லத் தெரியாமல் உரையாசிரியர்களே டென்ஷன் ஆகியிருப்பார்கள். இக்குறையைப் போக்கவே இவ்வாய்வுரை எழுதப்படுகிறது. எழுதும்படி யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நோய் ஆங்கிலத்திலேயே தொடங்கியது. பழைய ஆங்கிலத்தில் காதலுக்கு ‘லுஃபு’, காதலிப்பதற்கு ‘லுஃபியன்’ என்று தனித்தனி உருவம் இருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல விகுதிகள் தேய்ந்து உதிர்ந்து, இரண்டும் ‘லவ்’ என்றாயின. விகுதி போன சொல் கயிறு அறுந்த மாடு. எந்த வயலிலும் மேயும். இந்த மேய்ச்சலைச் சகிக்காதவர்களும் இருந்தார்கள். 1789 டிசம்பரில், தம் 83-ஆம் வயதில், பெஞ்சமின் பிராங்க்ளின் அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். நோட்டீஸ், அட்வகேட், புரோகிரஸ் ஆகிய பெயர்ச்சொற்களை அநியாயமாக வினையாக்குகிறார்கள், நீங்கள் கண்டிக்க வேண்டும் என்பது அவர் முறையீடு. அமெரிக்காவில் யாரும் கேட்கவில்லை. தமிழ்நாட்டிலோ பெரியவரின் ஆசை முழுதாக நிறைவேறியிருக்கிறது. இங்கே நோட்டீஸ் என்பது சுவரில் ஒட்டுவது, அட்வகேட் என்பவர் கறுப்புக் கோட்டு போட்டவர், புரோகிரஸ் என்பது அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டிய அட்டை. மூன்றும் பெயர்ச்சொல்லே. பிராங்க்ளின் தவறான ஊரில் பிறந்துவிட்டார்.

காரணம் எளிது. எந்த ஆங்கிலச் சொல்லாயினும், சொந்த ஊரில் அது எத்தனை வேலை பார்த்திருந்தாலும், தமிழின் வாசலில் செருப்போடு வினைத்தன்மையையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பிறகு நாமாகப் பார்த்து ஒரு ‘பண்ணு’வைத் துணைக்கு அனுப்புவோம். வடசொல்லுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. ஓர் இகரத்தைச் சேர்த்து சிந்தி, யோசி, நேசி என்று நேராக வினையாக்கிக்கொண்டோம். ‘அட்ஜஸ்டித்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. இணையத்தில் சிலர் ‘கூகுளித்தேன்’ என்று எழுதிப் பார்த்தார்கள். எழுத்தில் நின்றது, வாயில் நிற்கவில்லை.

விதிவிலக்காக ‘லவ்வுறான்’ ஒன்றைச் சொல்லலாம். தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற பவணந்தியாரின் விதி இதில் பழுதறப் பின்பற்றப்பட்டிருக்கிறது. ஆனால் லகரம் மொழிக்கு முதலில் வராது என்பதும் அவர் விதியே. இலாபம், இலட்சம் போல இதையும் ‘இலவ்வு’ என்றே எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் கிளி எதற்காக அத்தனை நாள் காத்திருந்தது என்பதும் விளங்கியிருக்கும்.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். ‘பண்ணு’வுக்கு ‘ஆகு’ என்று ஓர் உடன்பிறப்பு உண்டு. திருந்து, திருத்து போல இவை தன்வினை, பிறவினை என்று மாணவர்கள் எழுதலாம், மதிப்பெண் கிடைக்கும். உண்மையில் இவை குற்றத்தைப் பங்கிடும் உறுப்புகள். அலுவலகத்தில் நடக்கும் இந்த உரையாடலைக் கவனிக்கவும்.

“அந்த ஃபைல் எங்கய்யா?”

“டெலீட் ஆயிடுச்சு சார்.”

“ஆயிடுச்சா, பண்ணிட்டியா?”

“சிஸ்டம் ஹேங் ஆச்சு சார். அதுல அப்படியே ஆயிடுச்சு.”

மேலாளர் இலக்கணம் அறிந்தவர். அவருடைய கேள்வி முழுக்க எழுவாயைத் தேடும் கேள்வி. பதில் சொன்னவரோ அவரைவிடத் தேர்ந்தவர்; எழுவாயைக் கணினிக்கு மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வீட்டிலும் இதே வழக்குத்தான். கணவன் மொழியில் பால் பாக்கெட் ‘மிஸ் ஆயிடுச்சு’. மனைவி மொழியில் ‘நீங்க மிஸ் பண்ணிட்டீங்க’. ஆங்கிலத்தில் ஒரே வினையாக இருந்த சொல்லை இரண்டாகப் பிளந்து, ஒன்றில் குற்றவாளியையும் மற்றொன்றில் விதியையும் உட்கார வைத்தது தமிழின் சாதனை. ‘லேட் ஆயிடுச்சு’ என்ற ஒரு தொடர் மட்டும் இல்லையென்றால் பாதிப் பேர் வேலையில் நீடித்திருக்க மாட்டார்கள் என்பது ஆய்வாளரின் துணிபு.

துணைவினைகள் இவ்விரண்டோடு நிற்கவில்லை. ‘காப்பி’யைப் போட்டால் குடிக்கலாம், எடுத்தால் விண்ணப்பத்தோடு இணைக்கலாம், அடித்தால் பரீட்சை ஹாலிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பானமும் படியும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள். இங்கே வந்து ஒன்றாகிவிட்டதால் பிரித்தறியும் பொறுப்பு முழுவதும் வினையின் தலையில் விழுந்துவிட்டது. அது இதுவரை ஒருமுறையும் குழப்பியதில்லை. பெயரடைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘ஆன’ சேர்த்தால் டீசன்டான பையன், ‘ஆ’ சேர்த்தால் டீசன்டா நடந்துக்கிட்டான். அவ்வளவுதான்.

கடைசியாக ‘போர் அடிக்குது’. அடிப்பது யார்? வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், சாக்கடைப் பக்கம் போனால் நாற்றமும் அடிக்கும். எதற்கும் மனிதக் கர்த்தா கிடையாது. ஆங்கிலத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் கொடுமையாக இருந்த சொல், இங்கே வந்து இயற்கைச் சீற்றங்களின் வரிசையில் சேர்ந்துகொண்டது. ஆகவே இவ்வாய்வுரையைப் படிப்பவர்களுக்குப் போர் அடித்தால், இலக்கணப்படி ஆசிரியர் அதற்குப் பொறுப்பல்ல. ‘பிளேடு போடுறான்’ என்று சொன்னால்தான் மாட்டிக்கொள்வேன்.