ஒத்தை டப்பா பெயிண்ட்

ஆக்லாந்து,
மார்ச் மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ராஜபாளையத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் உங்களைக் கேட்காமல் ஒரு வேலையில் இறங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவரின் பாய்மரப் படகுக்குப் பெயிண்ட். கண்மாயைத் தாண்டித் தண்ணீர் பார்க்காத என்னிடம் அதை ஒப்படைத்த பாவம் ஒரு மணியைச் சேரும். 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி, இங்கே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அது கப்பல் மணி. அதில் தமிழ் எழுத்து, முகைதீன் பக்ஷ் என்ற பெயர். இப்போது வெலிங்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த கிழவருக்குத் தமிழன் என்றாலே கப்பல்காரன்.

படகுப் பெயிண்டில் இரண்டு வகை: ரெண்டு டப்பா, ஒத்தை டப்பா. ரெண்டு டப்பா பெயிண்டில் கடினமாக்கும் திரவத்தைக் கலக்க வேண்டும். கலந்துவிட்டால் சில மணி நேரம்தான் கெடு. ஆவியும் நுரையீரலுக்கு ஆகாது. பழைய ஒத்தை டப்பா பெயிண்ட் மேல் அடித்தால் அதைச் சுருட்டிக் கிளப்பியும் விடும். ஆயுள் கொஞ்சம் குறைவென்றாலும் நமக்கு ஒத்தை டப்பாதான். அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே மட்டும். கீழே சிப்பி ஒட்டாமலிருக்கச் செம்பு கலந்த வேறு பெயிண்ட்.

பொங்கலுக்கு நாம் வெள்ளையடிப்பது ஒரே நாள் வேலை. இங்கே மெழுகுப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கே நாலு நாள். முகமூடியைக் கழற்றினேன்: உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். கண்ணாடியில் அசல் ராஜபாளையம் நாய்!

ஐந்தாம் நாள் பெயிண்ட். நான் ஸ்பாஞ்ச் ரோலரை உருட்டிக்கொண்டே போக, கிழவர் என் பின்னாலேயே பிரஷ் நுனியால் நீவிக் குமிழியை உடைத்துக்கொண்டு வர வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்தான். நான் வடம், அவர் முட்டுக்கட்டை. ஆனால் தேரையாவது நடுவில் நிறுத்தலாம். இதில் நின்றால் விளிம்பு காய்ந்து கோடு விழும். கிழவர் ஒருமுறை தும்மினார். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

வெயிலுக்குப் பயந்து சாயங்காலம் ஆரம்பித்தது என் கெட்டிக்காரத்தனம். ராத்திரி பனி இறங்கி, காலையில் ஒரு பக்கம் பளபளப்பு செத்துச் சுண்ணாம்பு பூசினாற்போல் நின்றது. திரும்பவும் உப்புத்தாள். நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

படகு போன ஞாயிறு கடலில் இறங்கியது. நான் இறங்கவில்லை, எனக்கு நீச்சல் தெரியாதென்று அப்போதுதான் கிழவருக்குச் சொன்னேன்.

மிச்சம் அரை டப்பா. மேலே ஆடை கட்டிவிட்டது. வடிகட்டினால் தேறுமா? ஆடை என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஞாபகம். அனுப்பிவிடாதீர்கள், பால் பண்டத்துக்கு இங்கே கெடுபிடி அதிகம். என் பேரில் கால் கிலோ வாங்கி, சித்திக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, எப்படி இருந்ததென்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்