துள்ளுவதற்கு முன் ஒரு மஷூரா

கரப்பந்து 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. ஆகவே வரிப்பத்தான்சேனையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் வலைக்கு மேலே கை உயர்த்த ஆசைப்பட்டால், அது ஊர்ப் பிரச்சினை. கட்டாரிலிருந்து வந்த காக்கா புரோட்டீன் மா டின்னைக் காட்டுகிறார். "பாரம் தூக்கினா வளரமாட்டாய் மகன்" என்கிறா உம்மா. முறையாகப் பழகித் தூக்கினால் வளர்ச்சி நிற்காதென்று விளையாட்டு மருத்துவம் சொல்லிப் பல காலம். அதை உம்மாவிடம் யார் சொல்வது? வாப்பாவோ, "வயலுக்கு வா, மூட்டை தூக்கு" என்று முடித்துவிடுகிறார்.

வாப்பா சொல்வதில் பாதி நியாயம். குறை மூட்டையில்தான்: அது என்றைக்கும் அதே எடை. புதியவனுக்கு வேண்டியது வெறும் கம்பியோடு தொடங்கும் ஸ்குவாட், வாரத்தில் இரண்டு மூன்று நாள், மெல்ல மெல்லக் கூடும் பாரம், இடையே கொஞ்சம் துள்ளல், நிறையத் தூக்கம். பையனோ போனில் பத்துப் பன்னிரண்டு திட்டங்களை இறக்கி, எது சிறந்ததென்று சாமம்வரை ஒப்பிடுகிறான். 1958இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரம் தாண்டி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கத்துக்கு அந்த வசதி இருக்கவில்லை.

காக்காமாரே, ஏதாவது ஒரு திட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, போனைப் பிடுங்கி வையுங்கள்.