அரை உயிர் வைஃபை: விருத்தாசலம் அகல் வியாபாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கைபேசி இணைப்பு மூவகைப்படும்: உயிரோடிருப்பது, செத்துப்போனது, சாகாமல் இழுத்துக்கொண்டிருப்பது. முதலிரண்டாலும் உலகுக்குத் தொல்லையில்லை. மூன்றாவதே இவ்வாய்வின் பொருள் என்க.

களம் விருத்தாசலம். அஃதென்னை, சென்னை ஆகாதோ எனின், ஆகாது. இது ஜங்ஷன் ஊர். சென்னை–திருச்சி கார்டு லைனில் இருந்துகொண்டு சேலத்துக்கும் கடலூருக்கும் கிளை விடுவது. கார்டு லைனில் தடையென்றால் மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாக ரயிலைத் திருப்பிவிட கன்ட்ரோலில் ஆள் உண்டு. கைபேசிக்குள் அப்படி ஆளில்லை, விதிகள்தாம் உள.

தலையாய விதி, வைஃபை கிடைத்தால் டேட்டாவை விடுக என்பது. ஆண்ட்ராய்டு போன் ஒரு வைஃபையில் நுழைந்ததும் கூகுளின் முகவரியொன்றைத் தட்டிப் பார்க்கும். 204 என்று பதில் வந்தால் நெட் உண்டு என்று முடிவுகட்டும். 204 என்றால் ‘அனுப்ப ஒன்றுமில்லை’ என்று பொருள். ஒன்றுமில்லை என்ற பதிலைக் கொண்டு எல்லாம் உண்டெனத் தெளியும் இம்முறை வேதாந்திகள் கவனிக்கத்தக்கது.

டவர் விட்டு டவர் தாவுவதற்கு வேறு விதி. பக்கத்து டவர் சற்றே பலமாகத் தெரிந்த மாத்திரத்தில் போன் தாவாது. குறித்த அளவு, சான்றாக 3 டெசிபெல், கூடுதலாக இருக்கவேண்டும். அந்நிலை குறித்த நேரம் நீடிக்கவும் வேண்டும். 3 டெசிபெல் என்பது ஏறத்தாழ இருமடங்கு பலம். இந்த நிதானம் இல்லாவிட்டால் நடுவில் நிற்பவர் போன் இங்கும் அங்குமாகப் பந்தாடப்படும். பொறியாளர்கள் அதைப் பிங்பாங் என்றே சொல்கிறார்கள். டவர்களிடையே நிதானமாக இருப்பது வைஃபையிடம் பிடிவாதமாகிவிடுகிறது.

சான்று வருமாறு. கார்த்திகைக்கு முந்தைய வாரம், செராமிக் பட்டறை ஒன்று. மேலே தகரக் கூரை. டவர் அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். ஆபீஸ் ரூம் வைஃபை மட்டும் ஒற்றைக் கோடாக எட்டுகிறது. அகல் எடுக்க வந்த மொத்த வியாபாரி க்யூஆர் ஸ்கேன் பண்ணி, பின் நம்பரும் போட்டுவிட்டார்.

“சுத்துதுங்க.”

“வெளிய வந்து பாருங்கண்ணே.”

“இன்னொரு தரம் போடட்டுமா?”

அப்போது ஜன்னலோரம் தொங்கிய சவுண்ட் பாக்ஸ், பணம் வந்துவிட்டதென்று ஊருக்கே அறிவித்தது. அதற்குள் தனி சிம் உண்டு. கொடுத்தவருக்குத் தெரியுமுன் வாங்கியவருக்குத் தெரிந்துபோயிற்று. வியாபாரியின் கோரிக்கை வங்கிக்குப் போய்விட்டது, பதில்தான் திரும்பவில்லை. செத்த இணைப்பாயின் கோரிக்கையே போயிராது. இரண்டாம் தரம் போடும் சபலமும் ஆபத்தாகாது. அரை உயிரின் கொடுமை இதுவே.

இவ்வூரில் வார்க்கப்படும் இன்னொரு சரக்கு பீங்கான் ஃபியூஸ் கேரியர். அதில் மாட்டும் கம்பி போனால் முழுசாகப் போகும். வீடு இருளும், ஆள் எழுந்து போய்ப் பார்ப்பான். பாதி உருகிய நிலையில் ‘கரண்ட் உண்டு’ என்று சாதிக்காது. கைபேசிக்குள் நூற்றுக்கணக்கான செராமிக் கெப்பாசிட்டர்கள் இருந்தும் அதற்கு ஃபியூஸ் புத்தி வரவில்லை என்பது ஆய்வாளர் துணிபு.

இனிப் பரிகாரம். வைஃபை மந்தமானால் டேட்டாவுக்கு மாறும் வசதி பல ஆண்ட்ராய்டு போன்களில் உண்டு; ஐபோனில் 2015 முதல் ‘வைஃபை அசிஸ்ட்’ என்ற பெயரில் உண்டு. தேடி எடுத்து ஆன் செய்க. கடைவீதி வைஃபைகளில் தானாகச் சேர்வதை நிறுத்துக. இரண்டு சிம் வைப்போர் இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்கற்க. அந்த டவர் படுத்தால் இரண்டும் படுக்கும். ஃபிளைட் மோடைப் போட்டு எடுப்பதைப் பாமர வைத்தியம் என்று இகழற்க. போன் பழைய பிடிப்பை விட்டுப் புதிதாக டவர் தேடுவது அதனால்தான்.

சுற்றும் வட்டத்துக்குக் கெடு எவ்வளவு என்பதே எஞ்சிய வினா. அருகிலுள்ள மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டினால் 90 நாள் கெடு. குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். வட்டத்துக்கு அவ்வளவு தாங்காது. பத்து எண்ணுக, நிற்காவிட்டால் வைஃபையை அணைத்து, மறுபடி பணம் போடுமுன் பழைய கணக்கைப் பார்க்க.

இரட்டைச் சிம் பற்றிய இரண்டாம் பாகம் கார்த்திகை கழிந்து வெளிவரும். தரவு சேகரிக்க ஒப்புக்கொண்ட தம்பி இப்போது அகல் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான், கூப்பிட்டால் திட்டுகிறான்.