அட்டவணையில் வழு: அந்தமானை முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

தமிழிலக்கணம் வழுக்களை ஏழாகப் பகுத்தது. டேட்டாபேஸ் அமைப்போர் அவற்றை இன்னும் கற்றபாடில்லை. எட்கர் கோட் 1970இல் டேபிள்களின் உறவுமுறை பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டபோதும் நன்னூலை மேற்கோள் காட்டவில்லை. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். எந்தக் கட்டத்திலும் அடங்க மறுக்கும் நிலம் என்பதால் அந்தமான் நிகோபார் தீவுகளை ஆய்வுக் களமாகக் கொண்டோம். வழு ஏழனுள் மூன்று மட்டும் இங்கே. எஞ்சியவை நிதியுதவி கிடைத்தபின். டேபிளின் ரோவை நிரை என்றும் ‘காலம்’ என்னும் செங்குத்து வரிசையை நிரல் என்றும், கணக்கு வாத்தியார் வழிநின்று குறிப்போம்.

1. திணைவழு

இங்கே திணை என்பது நிரலின் வகை. எண் போலத் தோன்றுவதெல்லாம் எண்ணன்று. தீவுகளின் தலைநகருக்கு எஸ்டிடி கோடு 03192. இன்ட் என்னும் முழுஎண் நிரலில் இட்டால் முன்னிற்கும் பூச்சியம் உதிர்ந்து 3192 ஆகிவிடும். அழைத்தால் மணி அடிக்காது. 744இல் தொடங்கும் இவ்வூர்ப் பின்கோடு, முன்னால் பூச்சியம் இல்லாத அதிர்ஷ்டத்தால் தப்புகிறது. தப்பிப்பது வேறு, தகுதி வேறு. இரண்டு பின்கோடுகளின் சராசரி எந்த ஊர்த் தபால் நிலையம் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே சூத்திரம்: கூட்டவும் கழிக்கவும் வேண்டாத எண், எழுத்தின்பாற் படும்.

வழுவென்று தெரிந்தும் ஏற்பது வழுவமைதி. 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. ஸ்மால்இன்ட் கொள்ளும் உச்சமோ 32,767. கண்டிப்பு முறையை அணைத்துவைத்த மைஎஸ்கியூஎல் இதற்காகச் சண்டை போடாது. 32,767 என்று பதிந்து, யாரும் படிக்காத எச்சரிக்கை ஒன்றை விடுத்து, அமைதி கொள்ளும். மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் ஒரே கட்டளையில் மாயமாவர்.

2. இடவழு

இலக்கணத்தில் இடம் என்றால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று புலவர் மறுப்பர். கேட்டுக்கொண்டோம், மேலே செல்வோம். ஊர்ப்பெயரையே பிரைமரி கீ ஆக்கியவருக்கு 2018 டிசம்பர் 30 உறக்கமில்லா நாள்: ஹேவ்லாக், ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று, நீல், ஷஹீத் த்வீப் ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஊருக்கு மாறாத ஓர் எண்ணைக் கொடுத்து, பெயர்களைத் தனி டேபிளில் ‘எந்நாள் முதல்’, ‘எந்நாள் வரை’ என்ற இரு நிரல்களோடு வைப்பதே முறை.

புதுப்பெயரின் முதலெழுத்திலேயே ஒரு பொறி உண்டு. யூனிகோடில் ஸ்ரீயை ‘ஸ’ கொண்டும் அமைக்கலாம், ‘ஶ’ கொண்டும் அமைக்கலாம். பெரும்பாலான திரைகளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யுனீக் என்ற காவலாளி வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் இரண்டையும் உள்ளே விடுவார். ஒரு யூனியன் பிரதேசத்துக்கு இரண்டு தலைநகரம் வாய்க்கும். நீளமும் சிக்கலே. ‘அந்தமான்’ நமக்கு ஐந்தெழுத்து, யூனிகோடுக்கு எட்டுக் குறி, யூடிஎஃப்-8இல் 24 பைட். வார்சார் 10 என்று எழுதுமுன், அந்தப் பத்து எதை எண்ணுகிறது என்று விசாரித்துக்கொள்க.

3. காலவழு

சென்னையிலிருந்து தீவுக்குக் கப்பலில் சுமார் மூன்று நாள், கடல் மனம் வைத்தால். சேர்ந்த தேதி நிரலுக்கு ‘நாட் நல்’, அதாவது காலியாக விடலாகாது என்று விதித்தால், கப்பல் நங்கூரம் எடுக்குமுன்பே எழுத்தர் ஒரு தேதியைக் கற்பனை செய்தாக வேண்டும். பிறகு அந்தக் கற்பனையே ஆவணமாகும். எதிர்பார்க்கும் தேதிக்கு ஒரு நிரல், சேர்ந்த தேதிக்கு ஒரு நிரல். பின்னது கப்பல் வரும்வரை காலியாகவே இருக்கட்டும்.

4. வழுவல்லாத இன்மை

வடக்கு சென்டினல் தீவின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் 39, 2011இல் 15. யாரும் கரையிறங்கி வீடுவீடாக எண்ணவில்லை. தூரத்திலிருந்து கண்டதை எழுதினார்கள். 15 என்பது குறையில்லாத இன்ட்தான். பொய் சொல்வது ‘மக்கள்தொகை’ என்ற நிரலின் தலைப்பு. ‘கண்ணில் பட்டோர்’ என்றிருந்தால் வழக்கில்லை. யாருமே கண்ணில் படாவிட்டால்? ‘மக்கள்தொகை’ நிரலில் பூச்சியம் என்று எழுதினால் அங்கே ஆளில்லை. நல் என்று விட்டால் நமக்குத் தெரியவில்லை. முன்னது தீவைப் பற்றிய செய்தி, பின்னது நம்மைப் பற்றியது.

முடிவுரை

தீவுகள் எத்தனை? நெடுங்காலம் 572 என்றார்கள். இப்போது அரசுக் கணக்கு, குட்டித்தீவும் பாறையும் சேர்த்து, 836 என்கிறது. 2004 சுனாமியில் நிகோபாரின் டிரிங்கட் தீவு துண்டுபட்டது. பழைய நிரையை எந்தத் துண்டுக்குக் கொடுப்பது? 572 ஆனாலும் 836 ஆனாலும் ஸ்மால்இன்ட்டில் தாராளமாக அடங்கும். அடங்காதது, எதைத் தீவென்று எண்ணுவது என்ற கேள்வி. நிரலின் வகைக்காக மேசையைத் தட்டுமுன் நிரை எதுவென்று முடிவு செய்க.