குரோமியத்தின் தலையில் ஒரு குறி

1996 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய எங்களுக்கு வேதியியல் என்றாலே அரை மார்க் பயம். எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைக்கு 50. திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் டியூஷன் எடுத்த சார், விடை சரியாக இருந்தாலும் விடமாட்டார். மீள்வினைக்கு ஒற்றை அம்பு போட்டால் அரை மார்க் போச்சு. அயனியின் தலையில் மின்சுமை விட்டுப்போனால் இன்னொரு அரை. கோபால்ட்டின் இரண்டாவது எழுத்தைப் பெரிதாகப் போட்டால் அது கார்பன் மோனாக்சைடு. முழு மார்க்கும் காலி.

"அதான் புரியுதே சார், இதுக்கெல்லாமா குறைப்பீங்க?"

"உனக்குப் புரியுது. திருத்துறவருக்கு எப்படிப்பா புரியும்?"

அதிகம் அடிபட்டது குரோமியத்தில்தான். மூன்று கூட்டலா, ஆறு கூட்டலா என்று குழம்பியே பலருக்கு மார்க் போனது. அதே குரோமியம் எங்கள் ஊரில் சாக்கடையிலும் ஓடியது. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல், பிறகு குரோமியம் சல்பேட்டில் ஓரிரு நாளில் பதமானது. பேகம்பூர்ப் பக்கத் தோல் ஷாப்பிலிருந்து வெளிர்நீலமாக வெளியே வரும் ஈரத்தோலைப் பார்த்திருக்கிறோம். அந்த நீலம்தான் மூன்று கூட்டல் குரோமியம் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்து ஐந்து மாதத்தில், ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்றது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

நாங்கள் அலட்சியமாக விட்ட குறி சட்டத்திலும் இருக்கிறது. நீர்நிலையில் விடும் கழிவில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆறு கூட்டல் குரோமியமோ 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மூன்று கூட்டல் அவ்வளவு சுலபமாக உயிரணுவுக்குள் புகாது. ஆறு கூட்டல், குரோமேட்டாக, சல்பேட் நுழையும் வழியிலேயே உள்ளே போய்விடும், புற்றுநோயும் தரும். தனிமம் ஒன்றுதான்; தலையில் நிற்கும் எண்தான் வேறு.

இன்று இதே ஊரில் நானும் வேதியியல் ஆசிரியர். பொதுத்தேர்வில் எழுத்துக்கு 70 மார்க். ஆனால் பிள்ளைகளின் கவனமெல்லாம் நீட்டில். நான்கு விடைகளும் அச்சாகியே வருகின்றன. வட்டத்தைக் கறுப்பாக்கினால் நான்கு மார்க் கூடும், தப்பினால் ஒன்று குறையும். சரியான விடையை நொடியில் தொடும் பிள்ளையிடம் டைகுரோமேட் ஒடுக்கமடையும் அயனிச் சமன்பாட்டை எழுதச் சொன்னால், மின்சுமையைப் போடாமலே தாளை நீட்டுகிறது. கண்ணுக்குத் தெரிந்த குறி கைக்கு வருவதில்லை. எழுதிப் பழகாத குறியை, நாளை நீர்ப் பரிசோதனை அறிக்கையில் கவனிப்பது யார்?

அதனால் நான் இன்றும் அரை மார்க் குறைக்கிறேன். குறைப்பதற்கு முன் அந்த இரண்டு குரோமிய வரம்புகளையும் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். எந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன் என்று, தோல் ஆலைகளை ஒட்டிய பொன்மாந்துறைச் சாலைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்க்கைக் குறைக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. ஏன் குறைத்தோம் என்று சொல்லும் கடமையும் உண்டு. தோல் பதனிட்ட ஊரில் வேதியியல் நடத்துகிற எவருக்கும் அந்தக் கடமை கூடுதலாகவே உண்டு.